நாயகன் நாயகியானால்: 'மக்கள் விரோதி'யை இசை நாடகமாக்குவது பற்றி ஒரு பதில்

கேள்வி இதுதான். ஒரு நாடகக் குழு, நார்வே நாடகாசிரியர் ஹென்ரிக் இப்சனின் 'மக்கள் விரோதி'யைத் தமிழில் இசை நாடகமாகப் போட நினைக்கிறது. அதன் நாயகன் டாக்டர் ஸ்டாக்மனைப் பெண்ணாக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. பெயரையும் அவன், அவள் என்பதையும் மாற்றினால் போதுமா? பாட்டுகளை எங்கே வைப்பது?

பெயர் மாற்றம் போதாது. அதே நேரம் டாக்டரின் வசனம் முழுவதையும் திருப்பி எழுதவும் தேவையில்லை. நாயகன் நாயகியாகும்போது அதிகம் மாறுவது சுற்றி நிற்கிறவர்கள்தான். அண்ணன், கணவர், மாமனார், பத்திரிகைக்காரர், கூட்டத்துக்கு வந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் அவளிடம் வேறு எதையோ எதிர்பார்ப்பார்கள், வேறு ஏதோ சொல்லி அவளை அடக்கப் பார்ப்பார்கள். உங்கள் உழைப்பில் பெரும்பங்கு அவர்களுக்குப் போகட்டும். பாட்டும் பெரும்பாலும் அவர்களிடமிருந்துதான் கிளம்பும்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். ஆண் பாத்திரத்தைப் பெண் நடிப்பது வேறு, பாத்திரமே பெண்ணாவது வேறு. நம் மேடைக்கு முதலாவது பழக்கமானது. சிறுவர்களே நடித்த பாய்ஸ் கம்பெனி நாடகக் குழுக்களில் பையன்கள் ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேடம், போட்டார்கள். 1935-இல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராகவே நடித்தார், அதற்கு அவர் வாங்கிய லட்ச ரூபாய் அப்போது ஊரெல்லாம் பேச்சு. அங்கே நந்தனார் ஆணாகவேதான் இருந்தார், பாடியது மட்டும் சுந்தராம்பாளின் குரல். நீங்கள் கேட்பது இரண்டாவது வகை. இதில் கதைக்குள் இருக்கிற ஒவ்வொரு உறவும் அசையும்.

அது எப்படி அசையும் என்பதற்கு நான் முதலில் காட்டுவது ஒரு திரைப்படத்தை. பென் ஹெக்ட்டும் சார்லஸ் மெக்ஆர்தரும் 1928-இல் எழுதிய 'தி ஃப்ரன்ட் பேஜ்' நாடகத்தில் ஹில்டி ஜான்சன் என்ற சிகாகோ நிருபர், கல்யாணம் செய்துகொண்டு பத்திரிகை வேலையை விட்டுப் போகப் பார்க்கிறான். ஆசிரியர் வால்டர் பர்ன்ஸ் அவனை விடாமல் பிடித்து வைக்கிறார். 1940-இல் ஹோவர்ட் ஹாக்ஸ் இதை 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' என்று படமாக்கியபோது ஹில்டியைப் பெண்ணாக்கினார், கூடவே வால்டரின் முன்னாள் மனைவியாகவும் ஆக்கினார். ஹில்டியின் தொழில் திறமையை அவர் தொடவே இல்லை. நிருபர்கள் அறையில் இருக்கும் ஆண்கள் அவளைத் தங்களில் ஒருத்தியாகத்தான் நடத்துகிறார்கள், அவள் எழுத்தை மதிக்கிறார்கள். மாறியது வால்டர்தான். நல்ல நிருபரை இழக்க விரும்பாத ஆசிரியர் என்பதோடு, போன மனைவியை மீட்கப் பார்க்கிற மனிதர் என்றும் ஆகிவிட்டார். பழைய வசனம் பலவும் அப்படியே இருக்க, கதைக்கு இரண்டாவது தளம் வந்துவிட்டது. பெண்ணாக்கினோமே என்று வருகிறவன் போகிறவன் எல்லாம் 'ஒரு பொம்பளை இதைச் செய்யலாமா' என்று கேட்க வேண்டியதில்லை என்பதை இந்தப் படத்தில் கற்றுக்கொள்ளலாம். அந்தக் கேள்வியை யார் கேட்பார், யார் கேட்க மாட்டார் என்று நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இசை நாடகத்தில் இதற்கு மிகச் சிறந்த பாடம் 'கம்பெனி' என்ற அமெரிக்க மியூசிக்கல். அதன் பிறப்பே சுவையானது. ஜார்ஜ் ஃபர்த் என்ற நடிகர் பதினொரு ஓரங்க நாடகங்கள் எழுதினார். கிம் ஸ்டான்லி என்ற நடிகைக்காக எழுதப்பட்டவை அவை. பாடலாசிரியரும் இசையமைப்பாளருமான ஸ்டீபன் சோண்ட்ஹைம் அவற்றை இயக்குநர் ஹெரால்ட் பிரின்ஸிடம் காட்ட, இவை இசை நாடகமாகும் என்று பிரின்ஸ் சொன்னார். ஐந்து தம்பதிகள், அவர்களுக்கு நடுவே கல்யாணமாகாத ராபர்ட், அவனுக்கு முப்பத்தைந்தாவது பிறந்தநாள். 1970 ஏப்ரலில் நியூயார்க்கின் பிராட்வே மேடைக்கு வந்தது, சிறந்த மியூசிக்கலுக்கான டோனி விருது வாங்கியது. 48 ஆண்டுகள் கழித்து, 2018-இல், லண்டனின் கீல்குட் தியேட்டரில் மரியான் எலியட் அதை மறுபடி இயக்கியபோது ராபர்ட் 'பாபி' என்ற பெண்ணானான். ரோசலி கிரெய்க் நடித்தார். சோண்ட்ஹைம் முதலில் தயங்கினார். ஒரு பயிலரங்கு நடத்திப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டார், பாட்டு வரிகளில் வேண்டிய திருத்தங்களையும் தானே செய்து கொடுத்தார்.

இந்தத் தயாரிப்பில் பாபியின் குணம் பெரிதாக மாறவில்லை. அவளும் முடிவெடுக்கத் தெரியாமல் நழுவிக்கொண்டே இருக்கிறாள், அவளுக்கும் வயது முப்பத்தைந்துதான். ஆனால் 1970-இல் முப்பத்தைந்து வயது ஆணிடம் நண்பர்கள் 'இன்னும் கல்யாணம் ஆகலையா' என்று கேட்டால் அது கிண்டல். அதே வயதுப் பெண்ணிடம் அதே நண்பர்கள் கேட்டால் குழந்தை பற்றிய கேள்வியும் சேர்ந்தே வருகிறது, யாரும் அதை வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும். எலியட் இதற்காகப் புதுப் பாட்டு எழுதச் சொல்லவில்லை. மூலத்தில் கடிகார ஓசையை வைத்து 'டிக் டாக்' என்று ஒரு நடனம் இருந்தது, ஒரு படுக்கையறைக் காட்சியோடு வருவது. அதே இசையை, பாபி தன் வருங்காலத்தைக் கற்பனை செய்யும் காட்சியாக்கினார். மேடையில் பல பாபிகள் தோன்றுகிறார்கள், குழந்தை வருகிறது, நாள்கள் ஓடுகின்றன. ஏற்கெனவே இருந்த கடிகாரத்துக்குப் பொருள் மாறிவிட்டது. வேறு எந்த மாற்றத்தையும் விட எனக்கு இது பிடித்தது, ஏனென்றால் மூலத்தில் இருந்ததையே எடுத்துப் புதிதாகக் கேட்க வைத்தது.

ராபர்ட்டின் மூன்று காதலிகள் இங்கே மூன்று காதலர்கள் ஆனார்கள். அழகான, அவ்வளவாக விவரம் போதாத விமானப் பணிப்பெண்ணைப் பார்த்துச் சிரிப்பது இன்றைக்குக் கொஞ்சம் உறுத்தும். அதே பாத்திரம் ஆண் விமானப் பணியாளராக வந்ததும் அந்த உறுத்தல் போய் நகைச்சுவை நின்றது. கல்யாணத்தன்று பதறிப்போய் மூச்சுவிடாமல் பாடுகிற ஏமி என்ற மணப்பெண், ஜேமி என்ற ஆணானாள். அவன் கல்யாணம் செய்துகொள்ளப் போவதும் ஒரு ஆணை. நியூயார்க்கில் ஒரே பாலினத் திருமணம் 2011-இல்தான் சட்டமானது. கிடைக்காமல் இருந்த உரிமை கிடைத்த பிறகு 'எனக்கு இது வேண்டுமா' என்று பதறுவதில் புதிய நியாயம் இருந்தது. அந்தப் பாத்திரத்துக்காக ஜோனதன் பெய்லி லண்டனிலும் மாட் டாயில் நியூயார்க்கிலும் விருது வாங்கினார்கள்.

எல்லாம் ஒட்டியது என்று சொல்ல மாட்டேன். மூலத்தில் ஜோவன் என்ற மூத்த தோழி, குடிபோதையில் ராபர்ட்டைத் தன்னோடு உறவுக்கு அழைக்கிறாள், அதுதான் அவனை உலுக்குகிறது. புதிய வடிவத்தில் அவள் தன் கணவனைப் பாபிக்குத் தர முன்வருகிறாள். நாடகத்தின் முடிச்சே அந்த இடம், அங்கே முடிச்சு தளர்ந்துதான் போனது. உங்கள் நாடகத்திலும் இப்படி ஒரு இடம் வரும். அதை முன்கூட்டியே தேடிக் கண்டுபிடியுங்கள்.

இனி இப்சன். கதையை நினைவுபடுத்துகிறேன். நார்வேயில் ஒரு கடற்கரை ஊர். மருத்துவக் குளியல் நிலையம்தான் ஊருக்கு வருமானம். அதன் தண்ணீரில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு கலக்கிறது என்று டாக்டர் கண்டுபிடிக்கிறார். ஊர் நன்றி சொல்லும் என்று நம்புகிறார். மேயர் அவருடைய சொந்த அண்ணன். குழாய்களை மாற்ற ஏகப்பட்ட செலவு, இரண்டு ஆண்டாவது நிலையத்தை மூட வேண்டும் என்று தெரிந்ததும் பத்திரிகை பின்வாங்குகிறது, பொதுக்கூட்டத்தில் டாக்டர் 'மக்கள் விரோதி' என்று தீர்மானம் போடுகிறார்கள், வீட்டு ஜன்னல்களில் கல் விழுகிறது.

காலத்தை முதலில் முடிவு செய்யுங்கள். நாடகம் 1882-இல் வெளியானது. நார்வேயில் ஒரு பெண் முதன்முதலாகப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததே அந்த ஆண்டுதான். முதல் பெண் மருத்துவர் பட்டம் பெற்றது 1893-இல். ஆக, ஊரையும் ஆண்டையும் அப்படியே வைத்துக்கொண்டு டாக்டரைப் பெண்ணாக்க முடியாது. ஒன்று கதையைப் பிந்தைய காலத்துக்குத் தள்ள வேண்டும், இல்லையென்றால் ஊரையே மாற்ற வேண்டும். சத்யஜித் ராய் 1989-இல் 'கணசத்ரு' எடுத்தபோது வங்காளத்துக்குக் கொண்டுவந்தார், குளியல் நிலையத் தண்ணீர் கோயில் தீர்த்தமானது. தமிழில் போடுகிற உங்களுக்கு அவ்வளவு தூரம் தேட வேண்டியதே இல்லை. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றில் கலந்ததும், அந்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதும் நம் ஆட்களுக்குத் தெரிந்த கதை. இப்சன் எழுதியதும் தோல் கழிவுதான். அந்த ஊர்களில் தோலே பிழைப்பு என்பதால் டாக்டருக்கு எதிராகக் கிளம்பும் கோபத்தில் நியாயமும் இருக்கும், அது நாடகத்துக்கு நல்லது.

இப்போது சுற்றி நிற்கிறவர்களைப் பாருங்கள். இரண்டாம் அங்கத்தில் மேயர் டாக்டரிடம் பேசிப் பயனில்லை என்று கண்டதும் டாக்டரின் மனைவி காத்ரினிடம் திரும்பி, இந்த வீட்டிலேயே விவேகமானவள் நீதான், உன் கணவனுக்கு எடுத்துச் சொல் என்கிறார். டாக்டர் பெண்ணானதும் மேயர் திரும்புவது அவளுடைய கணவரிடம். 'மாப்பிள்ளை, நீங்களாவது கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க.' தங்கை அங்கேயே நிற்கிறாள், அவளைப் பற்றி இரண்டு ஆண்கள் அவள் தலைக்கு மேலே பேசி முடிவெடுக்கிறார்கள். வசனத்தில் ஒன்றும் மாறவில்லை, காட்சி முழுக்க மாறிவிட்டது. இப்படிப்பட்ட இடங்களைத் தொடாதீர்கள். அதை விளக்குகிறேன் என்று டாக்டருக்கு ஒரு வீர வசனம் எழுதிச் சேர்த்தால் கெட்டுவிடும்.

இதற்கு நேர் எதிரான இடம் மூன்றாம் அங்கத்தில் இருக்கிறது. இந்த ஊர் ஆண்கள் எல்லாம் கிழவிகள் என்று டாக்டர் திட்ட, அப்படியானால் ஒரு கிழவியும் ஆணாக நிற்க முடியும் என்று காட்டுகிறேன் என்று காத்ரின் அவர் பக்கம் வந்து நிற்கிறாள். பெயரை மாற்றி இதைக் காப்பாற்ற முடியாது, அந்த வசனம் போயே ஆக வேண்டும். ஆனால் அந்தத் திருப்பம் போகக் கூடாது. கணவர் எந்தக் கட்டத்தில், எதைக் கண்டு மனைவியின் பக்கம் வருகிறார்? இதுவரை பிள்ளைகளைக் காட்டி அவளை மடக்கப் பார்த்தவர் அவர். மனைவி 'பிள்ளைகளை நினைத்துப் பார்' என்று கணவனிடம் சொல்வது கெஞ்சல், கணவர் அதையே மனைவியிடம் சொன்னால் 'நீயெல்லாம் ஒரு தாயா' என்பது உள்ளே ஒலிக்கும். அதைச் சொன்னவர் மனம் மாறி வருவதற்கு ஒரு முழுக் காட்சி வேண்டும். நீங்கள் புதிதாக எழுத வேண்டிய பெரிய காட்சி இது ஒன்றுதான் என்பது என் கணிப்பு. நன்றாக எழுதினால் நாடகத்தின் இதயமே இதுவாகிவிடும்.

மாமனார் விஷயம் தானாகவே அமைந்துவிடுகிறது. மூலத்தில் மோர்ட்டன் கீல், காத்ரினை வளர்த்த தந்தை, ஒரு தோல் தொழிற்சாலையின் சொந்தக்காரர். கடைசி அங்கத்தில் மகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சேர வேண்டிய பணத்தில் குளியல் நிலையத்தின் பங்குகளை வாங்கிக்கொண்டு வந்து, இப்போது என்ன சொல்கிறாய் என்று டாக்டரை மடக்குகிறார். உங்கள் வடிவத்தில் மருமகள் மாமனாரின் தொழிலையே விஷம் என்று சொல்கிறாள். இதற்கு நம்மூர்ப் பார்வையாளர்களிடம் ஒரு வரி விளக்கம் கூடத் தேவைப்படாது. மகள் பெத்ராவை மகளாகவே வையுங்கள். ஆசிரியையாக இருக்கும் அவளுக்கு அம்மாவால் வேலை போகிறது, அம்மாவைப் போலவே அவளும் பணிவதில்லை. அப்பா–மகள் உறவில் இல்லாத ஓர் அழுத்தம் இதில் இருக்கிறது.

டாக்டரைப் புனிதவதியாக்கிவிடாதீர்கள். ஸ்டாக்மன் அகங்காரம் உள்ள மனிதர். நான்காம் அங்கத்தில் பெரும்பான்மை எப்போதும் தவறாகத்தான் இருக்கும் என்கிறார், சாதாரண மக்களைத் தெருநாயோடும் அறிவாளிகளை உயர்சாதி நாயோடும் ஒப்பிடுகிறார். கேட்கவே சங்கடமான பேச்சு, தமிழ்நாட்டில் இன்னும் சங்கடமாக ஒலிக்கும். பெண் பேசுகிறாள் என்பதற்காக இதைக் கழுவித் துடைத்தால் அவள் வெறும் பாதிக்கப்பட்டவளாக நின்றுவிடுவாள். நாய் உவமையை வெட்டலாம், நானாக இருந்தால் வெட்டுவேன், ஆனால் அவளுடைய திமிரும் அவசரமும் அப்படியே இருக்க வேண்டும். பார்ப்பவர்கள் அவள் சொல்வது சரி, ஆனால் இப்படிச் சொல்லியிருக்க வேண்டாமே என்று நெளிய வேண்டும். அவள் ஆணாக இருந்திருந்தால் இப்படி நெளிந்திருப்போமா என்பதைப் பார்ப்பவர்களே கேட்டுக்கொள்வார்கள்.

சரி, பாட்டு. இப்சனின் ஆட்கள் உரைநடை மனிதர்கள், மனதில் இருப்பதை மறைத்துப் பேசுகிறவர்கள். அவர்களைக் கண்ட இடத்தில் பாட வைத்தால் பொய்யாகிவிடும். பாட்டுக்குத் தயாராக இருக்கிறவர் அச்சகக்காரர் அஸ்லாக்சன். எதற்கெடுத்தாலும் 'மிதம், மிதம்' என்பது அவர் வழக்கம், தன் பின்னால் திரண்ட பெரும்பான்மை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பார். இப்சனே அவருக்குப் பல்லவி எழுதி வைத்திருக்கிறார். வீட்டு உரிமையாளர்கள், கடைக்காரர்கள் ஒவ்வொருவராக அந்தப் பல்லவியில் சேர்ந்துகொண்டே வரட்டும். மேயருக்குப் பாட்டே வேண்டாம் என்பது என் கட்சி. எல்லோரும் பாடுகிற மேடையில் அதிகாரம் உள்ளவர் மட்டும் பேசினால் அந்தப் பேச்சுக்குக் கனம் தானாக வரும்.

டாக்டருக்கு முதல் அங்கத்தில் ஒரு பாட்டு கொடுங்கள். தண்ணீர்ச் சோதனை முடிவு கடிதத்தில் வந்து, தன் ஊருக்கு நல்லது செய்துவிட்டோம் என்று அவள் பூரிக்கும் இடம். நான்காம் அங்கக் கூட்டத்தில் அவள் மறுபடி அந்த மெட்டைத் தொடங்குகிறாள், தலைவர் நாற்காலியில் இருக்கும் அஸ்லாக்சன் மணியடித்து நிறுத்துகிறார். மறுபடி தொடங்குகிறாள், மறுபடி மணி. மூன்றாம் முறை கூட்டமே அந்த மெட்டைப் பிடுங்கிக்கொண்டு 'மக்கள் விரோதி' என்று பாடுகிறது. 'கம்பெனி'யின் தொடக்கத்தில் நண்பர்கள் எல்லோரும் நாயகனின் பெயரை விதவிதமாகத் திரும்பத் திரும்ப அழைத்து அவனைச் சூழ்வார்கள், அன்பே நெருக்கடியாக மாறுவதை இசை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடும். உங்களுக்கு வேண்டியது அப்படி ஒரு சூழ்தல்.

இங்கே இசையமைப்பாளருக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். உங்கள் நாயகி ஐந்து கட்டைப் பக்கம் பாடுவார், கூட்டத்து ஆண்கள் ஒரு கட்டைப் பக்கம். அவள் மெட்டை அவளுடைய சுருதியிலேயே ஆண்கள் எடுத்தால் மேலே இழுத்துக் கத்த வேண்டும், ஒரு ஸ்தாயி இறக்கினால் மிகத் தாழ்ந்த மந்தர ஸ்தாயியில் அமுங்கிவிடும். நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா காலத்து ராஜபார்ட் நாயக நடிகர்கள் அந்த உச்சத்தில் பாடினார்கள், இன்றைய நடிகர்களிடம் அதை எதிர்பார்க்க முடியாது. கூட்டம் மெட்டைப் பிடுங்கும் கணத்தில் சுருதியையே மாற்றிவிடுவதுதான் வழி. தன் பாட்டுக்குள் அவளே நுழைய முடியாமல் போவதைக் கேட்கிறவர்கள் காதாலேயே உணர்வார்கள். மெட்டை ஒன்றேகால் ஸ்தாயிக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பாட்டு வரிகளில் அழைக்கும் முறை முக்கியம். ஆண் டாக்டராக இருந்தால் ஊர் 'டாக்டர் ஐயா'வில் தொடங்கி, 'அவரு' ஆகி, கடைசியில் 'அவன்' என்று இறங்கும். பெண்ணுக்கு 'டாக்டரம்மா', 'அந்தம்மா', 'அவ' என்று இறங்குவது இன்னும் வேகமாக நடக்கும், அதோடு 'மேயர் தங்கச்சி', 'இன்னார் பொண்டாட்டி' என்று அவள் பட்டமும் படிப்பும் காணாமல் போகும். கூட்டத்தின் பாட்டில் இந்த இறக்கத்தைச் சரணம் சரணமாக வைக்கலாம்.

ஐந்து அங்கங்களையும் வைத்துக்கொண்டு பாட்டும் சேர்த்தால் விடிந்துவிடும். வசனத்தில் பாதியை இழக்கத் தயாராகுங்கள். பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' 1956-இல் 'மை ஃபேர் லேடி' ஆனபோது ஷாவின் வசனத்தை நிறையவே வைத்துக்கொண்டார்கள், ஆனால் நாடகத்தில் மேடைக்கு வெளியே நடந்ததாக விடப்பட்ட பயிற்சியையும் நடன விருந்தையும் மேடைக்கே கொண்டுவந்து அங்கே இசையை வைத்தார்கள். இப்சனிலும் மேடைக்கு வெளியே நடப்பவை உண்டு: ஜன்னலில் கல் விழும் இரவு, பெத்ராவுக்கு வேலை போவது, வீட்டைக் காலி செய்யச் சொல்வது. மூன்றையும் சேர்த்து ஒரே கோரஸ் பாட்டாக்கினால் கடைசி அங்கத்தில் பாதிப் பக்கங்கள் குறையும்.

ஒரு வரி எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது: மூல நாடகத்தைப் பால் மட்டும் மாற்றி, வேறெதையும் தொடாமல், முழுக்க உரக்க வாசியுங்கள். எந்த வரி பொருள் மாறுகிறது, எது உடைகிறது, எது எதிர்பாராமல் பலம் பெறுகிறது என்று ஒருவர் குறித்துக்கொண்டே வரட்டும். கணவர், மேயர், அஸ்லாக்சன் மூவரையும் வாசிக்க நல்ல நடிகர்களைப் போடுங்கள், ஏனென்றால் கண்டுபிடிப்புகள் பெரும்பாலும் அவர்கள் வாயிலிருந்துதான் வரும்.

உரிமை பற்றியும் சொல்லிவிடுகிறேன். இப்சன் 1906-இல் இறந்தார், இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கடந்த படைப்பு பொதுச் சொத்து, ஆகவே மூலத்தை நீங்கள் எப்படியும் மாற்றலாம். உரிமையுள்ள நாடகமாக இருந்தால் நிலைமை வேறு. 1988-இல் நெதர்லாந்தில் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' நாடகத்தைப் பெண்கள் நடித்தபோது சாமுவேல் பெக்கெட் வழக்கே போட்டார், தோற்றதும் அந்த நாட்டில் தன் நாடகங்களை மேடையேற்றத் தடை விதித்தார். உங்களுக்கு இருக்கும் ஆபத்து மொழிபெயர்ப்பில். ஆர்தர் மில்லர் 1950-இல் செய்த ஆங்கில வடிவம் படிக்க எளிது, பலரும் அதைத்தான் கையில் எடுக்கிறார்கள், ஆனால் அது இன்னும் உரிமைக்குள் இருக்கிறது. கார்ல் மார்க்ஸின் மகள் எலியனோர் மார்க்ஸ் 1888-இல் வெளியிட்ட மொழிபெயர்ப்புக்கு அந்தச் சிக்கல் இல்லை, அதை வைத்து வேலை செய்யுங்கள். ஏற்கெனவே வந்த தமிழ் மொழிபெயர்ப்பு எதிலிருந்தாவது வசனம் எடுப்பதாக இருந்தால் மொழிபெயர்த்தவரிடமோ அவர் குடும்பத்தாரிடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள், டாக்டரைப் பெண்ணாக்குகிறோம், பாட்டு சேர்க்கிறோம் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். இசையமைப்பாளர் முதல் மெட்டைப் போடுவதற்கு முன்னால் அந்தப் பதில் உங்கள் கையில் இருக்க வேண்டும்.